ஐந்து குளிர்காலம், ஒரே ஃப்ளாஷர்: தெரியாத ஏரியில் கிராப்பியும் ட்ரவுட்டும்

ஐந்து குளிர்காலமாக ஒரே ஃப்ளாஷரைத்தான், அதாவது ஒலியலை அனுப்பித் தண்ணீரின் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவியைத்தான், பனி ஏரிகளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக எழுதியிருப்பேன். முன்பின் போகாத ஏரியில் கிராப்பி மீன் பிடிக்கப் போகிறீர்களா, இது இல்லாமல் போகாதீர்கள். ட்ரவுட் மீன் பிடிக்கவா, அப்படியென்றால் அதே ஏரியாக இருந்தாலும் இதை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ஏன் இப்படி இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் போவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் நடுவில், க்ராஸ்பி, அயர்ன்டன் ஊர்களைச் சுற்றியுள்ள குயூனா பகுதிக்கு. ஒரு காலத்தில் இரும்புத்தாது வெட்டிய பள்ளங்கள், சுரங்க வேலை நின்றபின் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கரையிலிருந்து சில அடி தூரம் ஆழமில்லாமல் போய், அப்புறம் சுவர் போல இறங்கிவிடும். இங்கே நிலத்தடியில் இரும்பு இருப்பதை கைலர் ஆடம்ஸ் என்பவர் திசைகாட்டி முள் கோணலாக நின்றதை வைத்துத்தான் ஊகித்தார். அவர் பெயரின் முதல் பகுதியையும் அவருடைய நாய் ஊனாவின் பெயரையும் சேர்த்துத்தான் குயூனா என்ற பெயர் வந்தது. ஐஸ் மேல் நின்று கீழே என்ன இருக்கிறதென்று ஃப்ளாஷரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளும் நாயும் நினைவுக்கு வருவார்கள்.

புது ஏரிக்குப் போகும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். மினசோட்டாவில் குளிர்காலத்தில் பொதுவாக ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஆனால் ட்ரவுட் ஏரி என்று அறிவிக்கப்பட்டவற்றில் ஒன்றுதான், உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகவும் கூடாது. ட்ரவுட்டுக்குத் தனி அனுமதி முத்திரை வாங்க வேண்டும், பருவம் ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் 31 வரை. கிராப்பிக்கு மாநில அளவில் ஒரு நாளைக்கு 10, சில ஏரிகளில் அதற்கும் குறைவு.

ஐஸ் விஷயத்தில் ஃப்ளாஷரை நம்பவே கூடாது, அது ஐஸ் எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. தெளிவான புது ஐஸ் 4 அங்குலம் இருந்தால் நடக்கலாம் என்பது கணக்கு. வெள்ளையாக இருந்தால் அதில் பாதி பலம்தான், இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். ஆழமான தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும், அதனால் இந்தப் பள்ளங்கள் பக்கத்து ஏரிகளைவிடத் தாமதமாக உறையும். முன்னால் கடப்பாரையால் குத்திக் குத்தித்தான் போவேன். மூன்றாம் வருடம் ஒரு டிசம்பர் காலை, கரையிலிருந்து அறுபது தப்படி போயிருப்பேன், இரண்டாவது குத்திலேயே தண்ணீர் மேலே வந்தது. வந்த கால்தடத்திலேயே பின்னால் நடந்து கரையேறி, நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். கழுத்தில் ஐஸ் குத்தி இரண்டு (உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற), உடம்பில் மிதக்கும் உடை, இவை இல்லாமல் இறங்குவதில்லை.

சரி, கிராப்பி. நடுக்குளிரில் இது ஆழமான கிண்ணம் போன்ற இடங்களில் கூட்டமாகச் சேரும், ஆனால் தரையில் படுத்திருக்காது. 30 அடி தண்ணீரில் 18 அடியில் அந்தரத்தில் நிற்கும், சாயங்காலம் இன்னும் மேலே ஏறும். ஃப்ளாஷர் இல்லாத முதல் இரண்டு பயணங்களில் தரைக்கு ஒரு அடி மேலே ஜிக்கை (எடை கோத்த சிறு தூண்டில் முள்ளை) தொங்கவிட்டு ஒரே ஓட்டையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தொடவில்லை. மீன் என் ஜிக்குக்குப் பத்து அடி மேலே நின்றிருக்கலாம், பார்க்க வழியில்லை.

இப்போது செய்வது வேறு. தெளிவான ஐஸ் என்றால் முதலில் துளைப்பதே இல்லை. பனியை ஒதுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஈரத்தின் மேல் டிரான்ஸ்டியூசரை (ஃப்ளாஷரில் ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை) நிறுத்தினால் ஐஸ் வழியாகவே ஆழம் தெரியும். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் தெரியாது, ஓர் அடி தள்ளி வையுங்கள். சரிவு எங்கே முடிகிறது, கிண்ணம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகு, பதினைந்து தப்படிக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகளை ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். சத்தமெல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும். ஜல்லிக்கரண்டியால் ஐஸ் தூளை அள்ளிவிட்டு, ஓட்டை ஓட்டையாக ஃப்ளாஷரை இறக்கிப் பார்ப்பேன். ஒரு நிமிடம் பார்த்தும் மீனைக் காட்டும் கோடு இல்லையென்றால் அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

கருவியின் வட்டமான முகப்பில் ஜிக் மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும். மீன் கருவி கீழே அனுப்பும் ஒலிக் கூம்பின் ஓரத்தில் இருந்தால் அதுவும் பச்சை, நடுவுக்கு வர வர ஆரஞ்சு, அப்புறம் தடித்த சிவப்பு. டங்ஸ்டன் ஜிக் ஈயத்தைவிட அடர்த்தி, உருவம் சிறியதாக இருந்தாலும் சீக்கிரம் இறங்கும், அதற்காகவே மாறிவிட்டேன். கிராப்பி மேல்நோக்கித்தான் இரை தேடும். எனவே சிவப்புக் கோட்டுக்கு ஓர் அடி, இரண்டு அடி மேலே ஜிக்கை நிறுத்துங்கள், கீழே இறக்கிவிட்டால் அதன் கண்ணில் படாமலே போய்விடும். கோடு மேலே ஏறத் தொடங்கினால் ஆட்டுவதை நிறுத்தி, மெதுவாக, மிக மெதுவாக உயர்த்துங்கள். துரத்தி வரும். கடித்ததும் தக்கை மூழ்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல தடவை அது இரையைக் கவ்விக்கொண்டு மேலே வருவதால் தூண்டில் நரம்பு தளர்ந்து தக்கை சாய்ந்துவிடும். முகப்பில் இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டால் நான் தக்கையைப் பார்ப்பதில்லை, சுண்டிவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். 30 அடிக்கும் கீழே இருந்து இழுத்த கிராப்பிக்கு அழுத்தம் குறைவதால் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கிவிடும். திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அவ்வளவு ஆழத்தில் கோடு தெரிந்தால், சமைக்கத் தேவையானதை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிடுவேன். பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கப் பிடித்துப் பிடித்து விடுகிறவர்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கூடவே வந்த ஈய அமில பேட்டரி இரண்டாம் குளிர்காலத்திலேயே தளர்ந்துவிட்டது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் தாண்டவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன், எடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, காலையிலிருந்து இருட்டும்வரை தாங்குகிறது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விட்டபிறகு போடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் ஃப்ளாஷர் வைத்திருந்தால் முகப்பு முழுக்கப் பொய்க்கோடு ஓடும், அதை அடக்க ஒரு பொத்தான் இருக்கிறது, பாதி நேரம் வேலை செய்யும். டிரான்ஸ்டியூசர் கம்பியில் நரம்பு சிக்குவதுதான் பெரிய தொல்லை. அதனாலேயே ஒரு நல்ல ட்ரவுட் போய்விட்டது. மீன் மாட்டியதும் முதலில் டிரான்ஸ்டியூசரை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள், அப்புறம் இழுங்கள்.

சுற்றுமுற்றும் திரையில் காட்டும் புதுவகை சோனாரை நண்பருடன் ஒருநாள் பயன்படுத்தினேன். கூட்டம் எந்தத் திசையில் போகிறதென்றே காட்டுகிறது. விலை ஆயிரங்களில் டாலர். எனக்கு வேண்டாம். ஒரு சிறிய ஏரியின் கிராப்பிக் கூட்டத்தை ஒரு வாரத்தில் காலி செய்துவிடக்கூடிய பொருள் அது.

ட்ரவுட்டுக்கு வருகிறேன். இந்தப் பள்ளங்களில் அரசு விடும் வானவில் ட்ரவுட் கரையை ஒட்டி ஐந்து, ஆறு அடித் தண்ணீரில் சுற்றும், அதுவும் ஐஸுக்குச் சற்றுக் கீழேயே. ஃப்ளாஷரின் கூம்பு சுமார் 20 டிகிரி. 30 அடியில் அது பத்தடி வட்டம், ஆறு அடியில் இரண்டடிதான். கருவிக்கு நேர் கீழே முதல் ஓரிரு அடி வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். வேகமாக நீந்தும் மீன் அந்த வட்டத்தைத் தாண்ட ஒரு நொடி போதும். சிவப்பு மின்னும், போய்விடும். நான் இரண்டு குளிர்காலம் அந்த மின்னலைத் துரத்தி ஜிக்கை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் விரட்டியிருக்கிறேன்.

நான்காம் வருடம் ஒருநாள் ஃப்ளாஷரை வண்டியிலேயே விட்டேன். கரையிலிருந்து எட்டுத் தப்படியில் ஒரே ஓட்டை, சுற்றியிருந்த பனியை மிதிக்காமல் அப்படியே விட்டு, மேலே கறுப்புக் கூடாரம், உள்ளே வெளிச்சமே இல்லை. பாயைப் போட்டுக் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் பார்த்தால் ஆறு அடிக்குக் கீழே ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. சின்ன வெள்ளி ஸ்பூன் (மின்னும் உலோகப் போலி இரை), முள்ளில் ஒரு மெழுகுப்புழு, மூன்றடியில் அசையாமல் நிறுத்தினேன். அரை மணி கழித்து இடப்பக்கமிருந்து ஒன்று வந்தது, நின்று பார்த்தது, போய்விட்டது. கை பரபரத்தது, ஆட்டவில்லை. நாலைந்து நிமிடத்தில் அதே பக்கமிருந்து திரும்பி வந்தபோது ஸ்பூனை விரல் நுனியளவு மட்டும் உயர்த்தினேன். வாய் திறந்து வெள்ளையாகத் தெரிந்தது, மூடியதும் இழுத்தேன். அன்று கிடைத்தது அது ஒன்றுதான், பதினான்கு அங்குலம்.