கதை கேட்டபடி ஏற ஒரு வேல்ஸ் மலை: காடைர் இட்ரிஸா, ஸ்னோடனா, வான் வாக் ஏரியா?

வேல்ஸில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. மலையும் ஏற வேண்டும், அந்த மண்ணின் கதைகளும் கூடவே வர வேண்டும். அப்படியானால் தேர்வு பெரும்பாலும் மூன்று இடங்களில் வந்து நிற்கும். வடக்கே 1,085 மீட்டர் உயர ஸ்னோடன். தேசியப் பூங்கா நிர்வாகம் 2022-லிருந்து 'அர் வித்வா' என்ற வேல்ஷ் பெயரையே முன்னிறுத்துகிறது. அதற்குத் தெற்கே டோல்கெலாய் ஊருக்கு மேலே 893 மீட்டர் காடைர் இட்ரிஸ். தென் வேல்ஸில் லின் அ வான் வாக் ஏரியும் அதன் தலைக்கு மேல் நிற்கும் 749 மீட்டர் பிக்குஸ் டீ முகடும்.

என் ஓட்டு காடைர் இட்ரிஸுக்கு, அதிலும் மின்ஃபோர்த் பாதைக்கு. மற்ற இரண்டும் மட்டம் என்று சொல்லவில்லை. கதை என்று பார்த்தால் மூன்றிலும் சிறந்தது வான் வாக் ஏரியின் கதைதான். ஆனாலும் அதற்கு இரண்டாம் இடம்தான் தருவேன், காரணம் பாதை. ஸ்னோடனைவிடக் காடைர் இட்ரிஸ் முந்துவதற்குக் காரணம் மேகம். இரண்டையும் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'லின்' என்றால் ஏரி. இங்கே 'ல' என்று எழுதியிருப்பது உண்மையில் 'ல' இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட்டால் வரும் ஒலி அது. நம் 'ழ' வெளியூர்க்காரர் வாயில் படும் பாடு நமக்குத் தெரியும் என்பதால், ஊர்க்காரர்களிடம் வழி கேட்கும்போது ஒருமுறை முயன்று பார்க்கலாம், சந்தோஷப்படுவார்கள்.

ஸ்னோடனை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அதன் நிறைகுறை பலருக்கும் தெரிந்ததுதான். 'வித்வா' என்றால் கல்லறை மேடு. தான் வென்ற அரசர்களின் தாடிகளைத் தைத்து மேலங்கியாகப் போட்டுக்கொண்ட ரிட்டா காவ்ர் என்ற அரக்கன், ஆர்தர் அரசனின் தாடியையும் கேட்டு உயிரை விட்டான். அவன் உடல்மேல் குவித்த கற்கள்தான் உச்சி என்கிறது கதை. இன்றைக்கு அந்தக் கல்லறையின் தலைமாட்டில் 1896-இல் தொடங்கிய ரயிலின் நிலையமும், 2009-இல் திறந்த சிற்றுண்டிச்சாலைக் கட்டடமும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேலானவர்கள் வரும் மலை. கோடை சனிக்கிழமையில் உச்சிக் கல்லைத் தொட வரிசையில் நிற்க வேண்டும். பென்-அ-பாஸ் கார் நிறுத்தத்தில் சீசனில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடையாது. அடிவாரத்தில் விட்டுவிட்டு ஷெர்ப்பா பேருந்தில் ஏறி வருவதே நிம்மதி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 359 மீட்டரில் இருக்கும் பென்-அ-பாஸிலிருந்து மைனர்ஸ் பாதையில் போனால், பாதி தூரம் ஏறக்குறைய சமதளம். லிடாவ் ஏரி, பாழடைந்த செம்புச் சுரங்கக் கட்டடங்கள், பிறகு 600 மீட்டர் உயரத்தில் கிளாஸ்லின் ஏரி. அந்த ஏரியில்தான் 'அவங்க்' என்ற நீர்ப்பூதத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். கான்வி ஆற்றில் வெள்ளத்தைக் கிளப்பி அட்டகாசம் செய்த அதைச் சங்கிலியால் கட்டி எருதுகளை விட்டு மலை கடந்து இழுத்தபோது, இழுத்த வேகத்தில் ஓர் எருதின் கண் பிதுங்கி விழுந்தது. அந்தக் கண்ணீர் தேங்கியதாகச் சொல்லும் குட்டைக்கு இன்றும் 'எருதின் கண் குட்டை' என்றே பெயர். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இந்தப் பாதையை மறுப்பில்லாமல் சொல்வேன். தெற்கு அடிவாரத்தில் பெத்கெலர்ட் ஊர் இருக்கிறது. குழந்தையைக் காக்க ஓநாயைக் கொன்ற நாயை, வாயில் ரத்தத்தைப் பார்த்து அவசரப்பட்டு வெட்டிய இளவரசனின் கதை அங்கே. பாம்புக்குப் பதில் ஓநாய், கீரிக்குப் பதில் நாய். சிலப்பதிகாரத்தில் மாடலன் கோவலனுக்கு நினைவூட்டும் கீரிப்பிள்ளை கதையேதான். நாயின் சமாதி மட்டும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதிக்காரர் ஒருவர் வியாபாரத்துக்காக ஏற்படுத்தியது என்பார்கள்.

வான் வாக் ஏரிக்கு வருவோம். ஏரியிலிருந்து எழுந்த பெண்ணுக்கு இடையன் ரொட்டி நீட்டுகிறான். முதல் நாள் கருக வெந்தது, வேண்டாம் என்கிறாள். மறுநாள் வேகாத மாவு, அதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் அரைவேக்காட்டு ரொட்டியை ஏற்றுக்கொண்டு மனைவியாகிறாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்பது நிபந்தனை. அந்த அடிகள் அடிகளே இல்லை, கையுறையால் தட்டியது மாதிரியான சின்னத் தொடுதல்கள். கடைசியில் மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு நீருக்குள் போகிறாள். அறுத்துக் கொக்கியில் தொங்கிய கன்று உட்பட எல்லாம் பின்னால் போகின்றன. அவள் மகன்கள் மூலிகை கற்று மத்வை ஊர் வைத்தியர்களாகிறார்கள். இந்த இடத்தில் கதை வரலாற்றோடு ஒட்டிக்கொள்கிறது: 13-ஆம் நூற்றாண்டில் ரிவாலன் என்ற வைத்தியரும் அவர் மகன்களும் அந்த ஊரில் உண்மையிலேயே இருந்தார்கள், அவர்கள் பெயரிலான மருந்துக் குறிப்புகள் வேல்ஷ் ஏடுகளில் இருக்கின்றன.

இவ்வளவு நல்ல கதைக்குப் பாதைதான் சரியாக அமையவில்லை. லான்தைசான்ட் பக்கத்துக் கார் நிறுத்தத்திலிருந்து ஏரி வரை சுமார் இரண்டரை கிலோமீட்டரும் ஜல்லி போட்ட வண்டிப்பாதை. ஏரிக்கரையில் முதலாம் உலகப்போர் காலத்தில் கட்டிய அணை. 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரியை ஒரு மணி நேரத்துக்குள் தொட்டுவிடலாம். கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே பிக்குஸ் டீ முகட்டு விளிம்பில் நடப்பது அருமையான நடை, ஆனால் காற்று விளிம்பை நோக்கித் தள்ளும் நாளில் கூடாது. கார் இல்லாமல் போய்ச் சேருவதும் கஷ்டம்.

இனி மேகம். வடமேற்கு வேல்ஸின் உயரங்களில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி எழும்போது 600, 700 மீட்டரில் மேகம் படிவது அங்கே தினசரி சங்கதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உச்சியில் என்ன இருக்கிறது என்பதல்ல; உச்சி மறைந்துபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான். ஸ்னோடனில் ரிட்டாவின் கல்லறையும், ஆர்தர் போரில் விழுந்ததாகச் சொல்லும் 'அம்புகளின் கணவாய்' என்ற இடமும் மேகத்துக்குள் போய்விடும். கிளாஸ்லினும் பல நாள் அதன் விளிம்பிலேயே இருக்கிறது. காடைர் இட்ரிஸில் கதையின் நெஞ்சுப்பகுதியான லின் காய் ஏரி சுமார் 470 மீட்டரில் இருக்கிறது. உச்சி தெரியாத நாளிலும் பெரும்பாலும் ஏரி தெரியும்.

மின்ஃபோர்த் பாதையின் அமைப்பே அப்படி. டோல் இட்ரிஸ் கார் நிறுத்தம் சுமார் 90 மீட்டரில். மகன்லெத்–டோல்கெலாய் பேருந்து இதன் பக்கமாகத்தான் ஓடுகிறது. பாலத்தைத் தாண்டியதும் ஓக் காட்டுக்குள், அருவியோடு ஒட்டி, கற்படிகள் நேராக மேலே ஏறும். வியர்க்க வைப்பது இந்த முதல் அரை மணிதான். ஈர இலை ஒட்டிய படிகள் இறங்கும்போது வழுக்கும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காடு முடிந்ததும் பாதை மேற்கே வளைகிறது, கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு திறக்கிறது. மூன்று பக்கமும் கரும்பாறைச் சுவர், நடுவில் ஏரி. எரிமலை வாய் என்று சொல்பவர்கள் உண்டு. பாறை எரிமலைப் பாறைதான். கிண்ணத்தைக் குடைந்தது பனியாறு.

5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்ற பழைய கணக்குப்படி ஏரிக்கு ஒன்றேகால் மணி நேரம். நின்று நின்று போனால் ஒன்றரை. அங்கே உட்கார்ந்து மேலே பாருங்கள். க்ரைக் காய் முகடு தெளிவாக இருந்தால் தொடரலாம். பாறைச் சுவரின் பாதியை மேகம் விழுங்கியிருந்தால் ஏரியோடு திரும்பலாம், நாள் வீணாகாது. க்வின் ஆப் நீத் என்ற மறுவுலக அரசனின் வேட்டைநாய்கள் சுற்றும் இடம் இது. அவற்றின் குரைப்பு தொலைவில் இருக்கும்போது பெரிதாகக் கேட்கும், கிட்ட வர வர அடங்கிவிடும் என்பார்கள். மேகம் இறங்கிய நாளில் ஓர் ஆட்டின் குரல் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முயன்றால், அந்தக் கதையைக் கட்டியவர்களைத் தப்பு சொல்ல மாட்டீர்கள்.

மேலே போவதானால் மூன்று இடங்களில் கவனம் தேவை. ஏரிக்கரையைத் தொடும் முன்பே முகட்டுப் பாதை இடப்பக்கம் பிரிந்து ஏறிவிடும். ஏரியைப் பார்த்துவிட்டு அந்தப் பிரிவுக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்து, க்ரைக் காய் தாண்டி சுமார் 100 மீட்டர் இறங்கினால் வரும் கணவாய். அங்கிருந்து வலப்பக்கம் ஏரியை நோக்கி ஒரு கற்சரிவு குறுக்குவழி போல ஆசை காட்டும். செங்குத்து, கல் நிற்காது, இறங்கக் கூடாது. மூன்றாவது உச்சி. வடக்கே இறங்கும் 'நரிப்பாதை' அங்கே தொடங்குகிறது, பனிமூட்டத்தில் அதுதான் வழி என்று தவறிப் போகிறார்கள். அரித்துப்போன உதிர்கல் சரிவு அது. உச்சித் தூணை விட்டு நகரும் முன் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கிழக்கு-வடகிழக்காக மனித் மோய்ல் முகட்டுக்கு நடக்க வேண்டும். இடப்பக்கம் பாறை விளிம்பு, ஒதுங்கியே நடங்கள். மனித் மோய்லிலிருந்து தெற்கே இறங்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஓடையைக் கடந்து காட்டுப் பாதையில் சேரலாம். வழி தவறாது, ஆனால் முழங்காலுக்கு இது கடினமான இறக்கம். இரண்டு ஊன்றுகோல் இருந்தால் நல்லது. முழுச் சுற்று சுமார் 10 கி.மீ., ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். முழங்கால் தகராறு உள்ளவர்கள் மறுபக்கம் டீ நான்டிலிருந்து வரும் மட்டக்குதிரைப் பாதையை எடுக்கலாம். சாய்வு மெதுவானது, ஆனால் லின் காய் அந்த வழியில் இல்லை.

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓ.எல். 23 வரைபடம், மழைக்கான மேல்சட்டையும் கால்சட்டையும், கோடையிலும் ஒரு கம்பளித் தொப்பி. அடிவாரத்தைவிட உச்சி ஐந்து டிகிரி குளிராக இருக்கும், காற்று தனி. உறைபனி விழுந்த மாதங்களுக்கு இந்த அலசல் பொருந்தாது; பனிக்கோடரி பழக்கம் உள்ளவர்களின் கணக்கு வேறு.

பாக்கி இருப்பது இட்ரிஸின் நாற்காலி, 'காடைர் இட்ரிஸ்' என்ற பெயருக்குப் பொருளே அதுதான். இட்ரிஸ் என்ற அரக்கனின் இருக்கையில் ஓர் இரவு தூங்கினால் விடியும்போது கவிஞராகவோ பைத்தியமாகவோ எழுவார்கள், எழாமலும் போகலாம். உச்சியில் கற்சுவரும் தகரக் கூரையும் போட்ட ஒதுங்கிடம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கத்தான், படுக்க அல்ல. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்கவும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நாற்காலி என்பது உச்சி அல்ல, மூன்று பக்கமும் சாய்மானம் வைத்த இந்தக் கிண்ணம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் லின் காய் கரையில் மத்தியானம் அரை மணி கண்ணயர்ந்தாலும் கணக்கில் சேரும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு இன்னும் ஒரு மணி நேர இறக்கம் இருக்கிறது.