நைட்ரேட் சோதனைப் பெட்டி வாங்கலாமா? டெல்டா கிராமத்திலிருந்து ஒரு விமர்சனம்

வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, தெருவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம்.

திருவையாறு பக்கம் எங்கள் ஊர். வாழைக் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் நடுவில்தான் வீடுகள். குடிக்கிற தண்ணீர் வீட்டு போரிலிருந்தும் தெருமுனை அடிபம்பிலிருந்தும் ஊராட்சிக் குழாயிலிருந்தும் வருகிறது, எதில் எது கலந்திருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கி எண்ணைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போனார். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தையும் ஒரே எண்ணாகச் சொல்லும், அதில் நைட்ரேட், அதாவது உரத்திலிருந்தும் சாணியிலிருந்தும் தண்ணீரில் இறங்கும் உப்பு, எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். பல கம்பெனிகள் விற்கின்றன, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: சொட்டு மருந்து பாட்டில்கள், கண்ணாடிக் குழாய், பொடி, வண்ண அட்டை. பி.ஹெச்., கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் பார்க்கலாம். இரண்டு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலைக்குள் முடிந்தது.

நைட்ரேட் சோதனை சுலபம்தான், ஆனால் பொறுமை வேண்டும். குழாயில் கோடு வரை தண்ணீர் எடுத்து, மருந்து விட்டு, துத்தநாகத் தூள் கலந்த பொடியைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். ஏற ஏற நைட்ரேட் அதிகம் என்று அர்த்தம். தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் (நைட்ரேட்டின் நெருங்கிய உறவு) இருந்தால் அதுவே சிவப்பைக் காட்டிவிடும் என்பதால் முதலில் நைட்ரைட்டைப் பார்த்துவிட வேண்டும், இதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் எங்கோ மூலையில் போட்டிருக்கிறார்கள். தாளில் தமிழ் ஒரு வரி கிடையாது. ஐப்பசி ஈரத்தில் பொடி கட்டி தட்டிப்போகிறது. டியூப் லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும், பகலில் வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். சோதித்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்றும் எழுதவில்லை, தயவுசெய்து கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

முக்கியமான சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. நம் இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் கொஞ்சம் கூடப் போகலாம் என்று கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் கொடுத்த சலுகை இதற்குக் கிடையாது. ஆனால் சில பெட்டிகளிலும், முக்கியமாகத் தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் வெளிநாட்டுக் காகிதப் பட்டைகளிலும், நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்ட அளவு இருக்கும். அதில் 10 என்று வந்தால் நம் கணக்கில் அது 44. பத்துதானே என்று நிம்மதியாகக் குடிக்கக் கூடாது, அட்டையில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு 4.43-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் ஊரில் என்ன வந்தது? ஆற்றோரத்து ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வரும் ஊராட்சித் தண்ணீரில் நிறமே ஏறவில்லை என்று சொல்லலாம். வீட்டு போர் நடுத்தரம். வாழைக் கொல்லையை ஒட்டிய அடிபம்பு 45-ஐத் தாண்டி நல்ல சிவப்பு. ஆழம் குறைந்த குழாய், சுற்றியுள்ள சிமெண்ட் மேடை வெடித்துக் கிடக்கிறது, பத்தடியில் எருக்குழி, மருந்தடித்துவிட்டு ஸ்பிரேயரைக் கழுவுவதும் அங்கேதான். இதில் யூரியா பங்கு எவ்வளவு, சாணி பங்கு எவ்வளவு என்று பெட்டி பிரித்துச் சொல்லாது. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்வரை மண்ணில் காற்று குறைவு, நைட்ரேட் அதிகம் உருவாகாது. வாழை, கரும்பு, பருத்தி மாதிரி காய்ந்து காய்ந்து பாயும் கொல்லையில்தான் உரம் நைட்ரேட்டாகி அடுத்த பாய்ச்சலிலோ மழையிலோ கீழே இறங்கும். அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு விடாதீர்கள், மேலுரம் போட்டு முதல் பெருமழை பெய்த பிறகு ஒரு முறை பாருங்கள்.

நைட்ரேட்டைக் காய்ச்சிப் போக்க முடியாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். குளோரின், யு.வி. விளக்கு எதுவும் உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், ஆனால் அது வாங்கிய வீட்டுக்கு மட்டும். அடிபம்பில் குடிப்பது நடவுக்கும் களையெடுக்கவும் வருகிறவர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பவுடர் பால் கலக்கவே கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாய்ந்துவிடக்கூடும்.

கொல்லைக்காரரிடம் பேசிப் பார்த்தேன். "தம்பி, யூரியா மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைக்கிறப்ப எவன் அளந்து போடுவான்?" என்றார். நியாயமான கேள்வி. 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிலோவுக்கு மேல், பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். நெல்லுக்காவது இலை வண்ண அட்டை, அதாவது பச்சை நிறங்களுக்கு எண் போட்ட அட்டை, இருக்கிறது, நட்ட 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை வைத்துப் பார்த்து, நிறம் 4-க்குக் கீழே போனால்தான் யூரியா, வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3-க்குக் கீழே. வாழைக்கு அப்படிச் சுலபமாக ஒன்றும் என் கையில் இல்லை. எருக்குழியை மாற்றவும் ஸ்பிரேயரை வேறு இடத்தில் கழுவவும் மட்டும் ஒத்துக்கொண்டார்.

பெட்டியால் முடியாதது பூச்சிமருந்து. அதற்குப் பெரிய ஆய்வகக் கருவி வேண்டும், இந்த மாதிரிச் சொட்டு மருந்துப் பெட்டியில் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கிருமிக்குத் தனியாக ஒரு பாட்டில் விற்கிறார்கள், தண்ணீரை நிரப்பி வைத்து ஓரிரு நாளில் கறுத்தால் கிருமி. இன்னொன்று, ஊராட்சியில் பெட்டியின் வண்ண அட்டையைக் காட்டினால் யாரும் அசைய மாட்டார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் பொருத்தமானது.

வாங்கும் முன் ஒரு வேலை. வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இதே மாதிரிப் பெட்டி தரவேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலமாரியில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம், முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள். மருந்துகளுக்குக் காலாவதி தேதி உண்டு, ரீஃபில் தனியாகத் தருகிறார்களா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐந்துக்கு மூன்றரை, தாளில் தமிழ் போட்டால் நாலு.