மாங்காய் வரவுப் பட்டியலை எதில் திறப்பது? விஎஸ் கோடும் அதன் சிஎஸ்வி எக்ஸ்டென்ஷன்களும்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கும் உழவர் குழுக்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்களிடம் சீசன் தொடங்கியதும் வந்து குவிவது சிஎஸ்வி ஃபைல்கள்தான், அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் அட்டவணை உரைகள். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

0047,சந்தூர்,12/3,பெங்களூரா,"1,250"

உறுப்பினர் எண், ஊர், சர்வே எண், ரகம், எடை கிலோவில். ஐந்தே கட்டங்கள்தான். ஆனால் வழுக்கும் இடங்கள் நிறைய: முன்னால் நிற்கும் பூஜ்யம், தேதி போலத் தெரியும் சர்வே எண், தமிழ் எழுத்து, எண்ணுக்குள் காற்புள்ளி. ஒரு கட்டத்தைத் திருத்திச் சேமித்தால் மற்ற கட்டங்கள் அப்படியே இருக்க வேண்டும். இந்த அலசலில் எங்கள் அளவுகோல் அது ஒன்றுதான்.

அந்த அளவுகோலில் முதலில் தோற்பது எக்ஸெல். இரட்டைக் கிளிக்கில் திறந்தால் 0047 வெறும் 47 ஆகிவிடும். நாள் முதலில் வரும் நம் ஊர் அமைப்பில் 12/3 என்பது மார்ச் 12 ஆகிவிடும். சேமித்த பிறகு பழைய சர்வே எண்ணை மீட்க வழியில்லை. வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளது பூஜ்யமாகும். எக்ஸெல்லைத் தவிர்க்க முடியாத அலுவலகம் என்றால், ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக உள்ளே எடுத்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வைப் போடுங்கள். தமிழ் எழுத்து கண்டபடி சிதைந்து தெரிந்தால், பெரும்பாலும் ஃபைல் பிஓஎம் (தொடக்கத்தில் வரும் அடையாளக் குறி) இல்லாத யுடிஎஃப்-8 என்கோடிங்கில், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையில், இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் நிரல் எடிட்டரான விஎஸ் கோடின் கீழ்ப் பட்டையில் என்கோடிங் பெயரைச் சொடுக்கி, பிஓஎம் உள்ள யுடிஎஃப்-8ஆகச் சேமித்துக் கொடுத்தால் எக்ஸெல் ஒழுங்காகப் படிக்கும். அதே ஃபைலைப் பிறகு பைத்தானில் சாதாரண யுடிஎஃப்-8ஆகப் படித்தால், முதல் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு அந்த நெடுவரிசையே ‘இல்லை’ என்று பிழை வரும். அதனால் எக்ஸெல்லுக்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

விஎஸ் கோடுக்குள் வந்தால் போட்டி மூன்று எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது கூடுதலாக நிறுவும் துணை வசதிகளுக்கு, இடையில்.

ரெயின்போ சிஎஸ்வி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு நிறம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஃபைல் உரையாகவே இருப்பதால் 0047க்கும் 12/3க்கும் எந்த ஆபத்தும் இல்லை. எடையை மேற்கோள் குறி இல்லாமல் 1,250 என்று யாராவது தட்டியிருந்தால், அந்த வரியில் கூடுதலாக ஒரு கட்டம் வேறு நிறத்தில் முளைத்து உடனே கண்ணில் படும். கீழ்ப் பட்டையில் உள்ள சிஎஸ்வி லிண்ட்டும் கட்ட எண்ணிக்கை பொருந்தாததைச் சொல்லிவிடும். எஃப்5 அழுத்தினால் ஆர்பிக்யூஎல் என்ற கேள்வி மொழியில் வடிகட்டலாம். அதில் ஒரு பொறி உண்டு. கட்டங்கள் எல்லாமே அங்கே உரைதான். 1000 கிலோவுக்கு மேல் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் முறையில் 1250 வரும், "1,250" சத்தமில்லாமல் விடுபடும். காற்புள்ளியை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இதில் நெடுவரிசைகளை நேராக்கும் ‘அலைன்’ வசதிதான் தமிழ்த் தரவில் கைகொடுப்பதில்லை. எடிட்டரின் எழுத்துருவில் ஆங்கிலத்துக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம். தமிழில் ‘ஊத்தங்கரை’, ‘பர்கூர்’ போன்ற பெயர்களில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால், இடைவெளி போட்டும் ஓரம் கோணலாகவே நிற்கும். அலைன் செய்தபின் டேபில் மாற்றத்தைக் காட்டும் புள்ளி வந்தால், இடைவெளிகள் ஃபைலுக்குள்ளேயே நுழைந்துவிட்டன என்று அர்த்தம். ‘ஷ்ரிங்க்’ கொடுக்காமல் சேமிக்காதீர்கள்.

எடிட் சிஎஸ்வி அதே ஃபைலைத் தனி டேபில் அட்டவணையாகத் திறக்கும். கட்டக் கோடு இருப்பதால் தமிழ் எழுத்தின் அகலம் ஒரு பிரச்சினையே இல்லை. விடுபட்ட ஊர்ப் பெயரை ஐம்பது வரிசையில் நிரப்ப வேண்டும் என்றால் இதற்கு நிகரில்லை. இதுவும் எண்ணைத் தேதியாக்காது. கவனிக்க வேண்டியது வேறு: அட்டவணையும் மூல ஃபைலும் தனித்தனி. அட்டவணையில் திருத்தியதை ‘அப்ளை’ கொடுத்துத்தான் ஃபைலில் ஏற்ற வேண்டும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் கை வையுங்கள். அமைப்பைப் பொறுத்து மேற்கோள் குறிகளும் மாறி எழுதப்படலாம். ‘அப்ளை’ மட்டும் கொடுத்து, சேமிக்குமுன் கண்ட்ரோல்+கே, பிறகு டி அழுத்தி, சேமித்த பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரி திருத்தியதற்கு நூறு வரி மாறியதாகக் காட்டினால் காரணம் இதுதான்.

மைக்ரோசாஃப்ட்டின் டேட்டா ராங்லர் பார்ப்பதற்கு மிக அழகு. ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை கட்டம் காலி, எத்தனை வேறுபட்ட மதிப்பு என்று மேலேயே காட்டும். மூல ஃபைலை அதுவாக மாற்றாது என்பதும் நல்லது. ஆனால் உள்ளே ஓடுவது பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ். வகையைச் சொல்லாமல் படித்தால் அங்கேயும் 0047 என்பது 47தான். பத்து இலக்கக் கைபேசி எண் நெடுவரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எண்களெல்லாம் தசம எண்ணாகிப் பின்னால் .0 ஒட்டிக்கொள்ளும். எனவே ஆராய இதைத் திறக்கலாம்; இதிலிருந்து ஏற்றுமதி செய்ததைத் திரும்ப ஆலைக்கு அனுப்பக் கூடாது.

எங்கள் தேர்வு: எப்போதும் திறந்திருக்க ரெயின்போ, தமிழ்க் கட்டங்களை நிரப்ப எடிட் சிஎஸ்வி. 50 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன்களுக்கு முழுதாகக் கொடுப்பதில்லை. அப்போது ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேடி மாற்றும் வேலைக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து தனி மாவட்டமானது. ஊருக்கு அடுத்து மாவட்டக் கட்டமும் உள்ள பழைய பட்டியல்களில் ஊத்தங்கரையும் பர்கூரும் இன்னும் தர்மபுரியில்தான் இருக்கும். அனைத்தையும் மாற்று என்று கொடுத்தால் பாலக்கோடும் அரூரும் சேர்ந்து போய்விடும். ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) பொத்தானை அழுத்திவிட்டு இப்படித் தேடலாம்:

(ஊத்தங்கரை|பர்கூர்),(தர்மபுரி|தருமபுரி)

மாற்றாக: $1,கிருஷ்ணகிரி

இப்படியே வேறு பெயர்களைத் தேடும்போது சில வரிகள் சிக்காது. பாலக்கோடு என்பதில் உள்ள ‘கோ’வின் துணைக்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடலுக்கு வேறு வேறு. சிக்காத வரியிலிருந்தே பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, சரியாகத் தட்டிய பெயரால் மாற்றுங்கள்.

ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவத்துக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. விஎஸ் கோடே மடித்துக் காட்டும், ஷிஃப்ட்+ஆல்ட்+எஃப் கொடுத்தால் ஒழுங்குபடுத்தும். தோட்ட வரைபடத்துக்கான ஜியோஜேசனில் மட்டும் வரிசையைக் கவனியுங்கள்: தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. கிருஷ்ணகிரி நகரம் [78.21, 12.52]. திருப்பிப் போட்டால் தோட்டம் வட துருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்ட் பக்கம் போய் விழும். ஒரு ஸ்கீமா (தரவு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள்) எழுதி, முதல் எண் 77 முதல் 79, இரண்டாவது 11 முதல் 13 என்று எல்லை வைத்து அமைப்புகளில் இணைத்துவிட்டால், மாறிப்போன எண்ணின் கீழ் எடிட்டரே கோடு போட்டுக் காட்டும்.