இரு தொலைநோக்கிகளின் படங்களை இணைக்க உதவும் சிரில்: ஒரு மதிப்புரை

ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தை இரண்டு தொலைநோக்கிகளில் எடுத்து ஒரே படமாக இணைப்பதற்கு, மார்கழியிலும் தையிலும் சிரில் என்ற இலவச மென்பொருளின் 1.4 பதிப்பைப் பயன்படுத்தினேன். 400 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் தொலைநோக்கி நெபுலாவைச் சூழ்ந்த தூசி மண்டலத்தை அகலமாகத் தந்தது, 1000 மி.மீ. நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி), நடுவிலுள்ள ட்ரபீசியம் விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட அதே கேமராவில், முதலாவது பிக்சலுக்கு 1.94 வில்வினாடியும் (வானக் கோண அளவு; எண் குறைந்தால் நுணுக்கம் கூடும்) இரண்டாவது 0.78 வில்வினாடியும் தருகின்றன.

இவ்வளவு அளவு வேறுபாடுள்ள படங்களைப் பொருத்துவதில்தான் சிரில் என்னை முழுமையாகத் திருப்திப்படுத்தியது. ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன்களை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, அது வானத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு சுழன்றிருக்கிறது, ஓரங்களில் லென்ஸ் எவ்வளவு வளைத்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, அதன்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அமர்த்துகிறது. மூலையிலுள்ள விண்மீன்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதும் இரட்டை விளிம்பு தென்படவில்லை.

எதை அடிப்படைப் படமாக வைப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அகலப் படத்தை வைத்தால் நியூட்டோனியன் தந்த நுணுக்கம் சுருங்கிப் போகும். நியூட்டோனியனின் அளவுக்கு அகலப் படத்தைப் பெரிதாக்கினால், 6248×4176 பிக்சல் படம் 15620×10440 ஆகி, 32 பிட் வண்ணக் கோப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 ஜிபி இடம் பிடிக்கும். நான் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தேன். அந்த நுணுக்கத்துக்காகத்தானே இரண்டாவது தொலைநோக்கியைத் தூக்கி வைத்தோம்!

படங்கள் பொருந்திய பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. பிக்சல் கணக்குக் கருவியில் இரண்டையும் கலந்தவுடன், நியூட்டோனியன் படத்தின் எல்லை நெபுலாவைச் சுற்றி மங்கலான செவ்வகமாகத் தெரிந்தது. இரண்டின் பின்னணி ஒளியும் வெவ்வேறு திசையில் சரிந்திருந்ததே காரணம். ஒரு படத்தின் ஒளிமட்டத்தை மற்றொன்றுக்கு இணையாக்கும் சிரிலின் நேரியல் பொருத்தம் படம் முழுவதற்கும் ஒரே விகிதத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே அது ஒளிமட்டத்தைச் சமன் செய்யுமே தவிர, சரிவை நீக்காது. கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு படத்திலும் பின்னணி நீக்கத்தைச் செய்தாக வேண்டும். நியூட்டோனியனின் சிறிய பரப்பிலோ நெபுலாவும் தூசியும் நிறைந்து வெறும் வானமே அரிதாக இருப்பதால், பின்னணி ஒளியை அளக்கும் மாதிரிப் புள்ளிகளைத் தானாக வைக்க விடாமல், அகலப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதற்கே போயிற்று. அதன்பின் செவ்வகம் மறைந்தது.

ஃபிளாட் (தூசிப் புள்ளி, ஓர இருட்டு நீக்கம்), டார்க் (கேமரா இரைச்சல் நீக்கம்) திருத்தங்களையும், பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் ஸ்டாக்கிங்கையும் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் தனியாக முடித்து, இறுதிப் படங்களை மட்டும் இணைப்பதே நல்லது. தூசிப் புள்ளிகளும் ஓர இருட்டும் இரண்டிலும் ஒன்றல்ல.

விண்மீன்களின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். நியூட்டோனியனில் துணை ஆடியைத் தாங்கும் கம்பிகளால் பிரகாசமான விண்மீன்களுக்கு நான்கு கதிர்கள் முளைக்கின்றன; லென்ஸ் தொலைநோக்கியில் அவை இல்லை. அப்படியே கலந்தால் செவ்வகத்தின் உள்ளே ஒரு விதமாகவும் வெளியே வேறு விதமாகவும் விண்மீன்கள் நிற்கும். படத்திலிருந்து விண்மீன்களை நீக்கும், தனியாக நிறுவ வேண்டிய ஸ்டார்நெட் என்ற நிரலைச் சிரில் வழியாகவே இயக்கி, இரண்டு படங்களிலும் விண்மீன்களை நீக்கி, நெபுலாவை மட்டும் இணைத்தேன். பிறகு ட்ரபீசியத்தை மட்டும் நியூட்டோனியனிலிருந்தும், மற்ற விண்மீன்கள் அனைத்தையும் அகலப் படத்திலிருந்தும் திரும்பச் சேர்த்தேன்.