சிவப்புப் பெயின்ட் அடித்த சங்கிலியை ‘கிரேடு 80’ என்று நம்பி வாங்காதீர்கள்

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பகுதிகளில் டிராக்டர் வைத்து ஃபைபர் படகுகளைக் கரையேற்றுபவர்களும், பழைய இயந்திரங்களை இடம் மாற்றித் தருபவர்களும், புயலில் சாய்ந்த மரங்களை இழுத்து அகற்றுபவர்களும் தயவுசெய்து இதை முழுமையாகப் படிக்க வேண்டும். பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடை ஒன்றில் ‘கிரேடு 80’ என்ற உயர்வலிமை ரகம் என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட 10 மி.மீ. சங்கிலி, மணலில் புதைந்திருந்த ஒரு படகை இழுக்கும்போது அறுந்து, டிராக்டரின் பின்பக்க மட்கார்டைக் கிழித்துக்கொண்டு போனது. ஓட்டிக்கொண்டிருந்த என் மைத்துனருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்தக் கிழிசலுக்கும் இடையே கையளவு தூரம்தான் இருந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புதிய சங்கிலி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், எங்கள் பகுதியில் படகுகளை மேட்டுக்கு இழுப்பதற்கும் சாலையில் விழுந்த மரங்களை நகர்த்துவதற்கும் டிராக்டர்களைத்தான் தேடி வந்தார்கள். அதுபோன்ற நேரத்தில் பழைய, தேய்ந்த சங்கிலியை வைத்துக்கொண்டு ஆட்கள் சூழ நிற்கும் இடத்தில் வேலை செய்வது சரியல்ல. ஆகவே கடையில் நாங்கள் கேட்டது வெறும் ‘இரும்புச் சங்கிலி’ அல்ல. எடை இழுப்பதற்கான, கிரேடு 80 அலாய் ஸ்டீல் சங்கிலி என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டோம். கடைக்காரர் ஒரு மாதிரித் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் கண்ணியின் மேல் கிரேடு எண் அழுத்தமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. “சார், இதே செயின்தான், பத்து டன் தாங்கும், எதையும் யோசிக்காம கட்டி இழுங்க” என்றார். பிறகு உள்ளே இருந்த கிடங்கில் வெட்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாதிரித் துண்டின் அதே தடிமன், அதே சிவப்பு நிறம்.

அந்த ‘பத்து டன்’ என்ற பேச்சிலேயே பெரிய ஆபத்து இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிரேடு எண் என்பது, சங்கிலி அறுந்து போகும் தறுவாயில் அதன் கம்பியின் ஒவ்வொரு சதுர மி.மீ. பரப்பும் தாங்கும் விசையைக் குறிக்கிறது: கிரேடு 80 என்றால் 800 நியூட்டன், கிரேடு 30 என்றால் 300 நியூட்டன் (ஒரு டன் எடை என்பது ஏறத்தாழ 9,800 நியூட்டன் விசை). ஒரு கண்ணியில் இரண்டு கம்பிகள் பாரத்தைத் தாங்குவதால், 10 மி.மீ. சங்கிலியில் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 157 சதுர மி.மீ. ஆகும். இந்தக் கணக்கின்படி உண்மையான கிரேடு 80 சங்கிலி அறுவதற்குப் பன்னிரண்டு டன்னுக்கும் மேலான விசை வேண்டும். ஆனால் அது அறும் அளவே தவிர, வேலை செய்யும் அளவு அல்ல. வேலைக்கான பாதுகாப்பான சுமை அதில் நான்கில் ஒரு பங்குதான், 10 மி.மீ. கிரேடு 80 சங்கிலிக்கு அது 3.15 டன், 8 மி.மீ. சங்கிலிக்கு 2 டன், 13 மி.மீ. சங்கிலிக்கு 5.3 டன். அறும் அளவை ‘தாங்கும் அளவு’ என்று சொல்லி விற்பவர், தன்னிடம் இருப்பது அசல் சரக்காகவே இருந்தாலும், வாங்குபவரைத் தவறான வழியில் அனுப்புகிறார். சாதாரண கிரேடு 30 சங்கிலியோ அதே 10 மி.மீ. தடிமனில் ஐந்து டன்னுக்குள்ளேயே அறுந்துவிடும். அதன் பாதுகாப்பான சுமை ஏறத்தாழ 1.2 டன்தான். இரண்டும் எஃகுதான் என்பதால், ஒரே அளவில் செய்யப்பட்ட இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; கையில் தூக்கிப் பார்த்து எவராலும் வேறுபாட்டைச் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

இழுக்கும்போது எந்த முரட்டுத்தனமும் நடக்கவில்லை. சங்கிலி டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கட்டையான டிராபாரில்தான் மாட்டப்பட்டிருந்தது. தொய்வை மெதுவாக எடுத்து, முதல் கியரில் நிதானமாகத்தான் என் மைத்துனர் நகர்த்தினார். அறுந்த கண்ணியைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. உடைந்த முகப்பில் பாதி பளபளப்பாகவும், மீதிப் பாதி கறுத்தும் இருந்தது. பளபளப்பான பகுதி அன்றைக்கு முறிந்தது. கறுத்த பகுதி, சங்கிலி செய்யப்பட்ட நாளிலிருந்தே வெல்டிங் ஒட்டாமல் இருந்த இடம். முறையான கிரேடு 80 சங்கிலியைத் தொழிற்சாலையிலேயே அதன் பாதுகாப்பான சுமையைப் போல இரண்டரை மடங்கு விசையில் இழுத்துச் சோதித்த பிறகே வெளியே அனுப்புகிறார்கள் என்பதால், இவ்வளவு பெரிய வெல்டிங் குறை அந்தச் சோதனையைத் தாண்டி வந்திருக்க வாய்ப்பே இல்லை. மற்ற கண்ணிகளின் மேலிருந்த தடித்த சிவப்புப் பெயின்டைத் தின்னர் ஊற்றித் துடைத்தோம். முழு நீளத்திலும் ஒரு கண்ணியில்கூட எந்த எண்ணும், எந்த முத்திரையும் இல்லை.

ஆகவே சங்கிலி வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது மாதிரித் துண்டை அல்ல, உங்களுக்கு வெட்டித் தரும் அதே சங்கிலியை. கிரேடு 80 சங்கிலியில் ‘8’ அல்லது ‘80’ என்ற எண்ணோ ‘T’ என்ற ஆங்கில எழுத்தோ, தயாரிப்பாளரின் குறியுடன், குறிப்பிட்ட இடைவெளிகளில் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மீட்டர் கணக்கில் வாங்கும்போது உங்கள் துண்டில் அது பல இடங்களில் வர வேண்டும். சிவப்பு நிறம் எதற்கும் சான்று அல்ல, அந்தப் பெயின்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பெயின்டுக்கு அடியில் முத்திரை இருக்கிறது என்று சொன்னால், அங்கேயே சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். அதிலுள்ள அளவும் கிரேடும் கையிலுள்ள சங்கிலியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லில் ‘கிரேடு 80, 10 மி.மீ., இத்தனை மீட்டர்’ என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் ‘இரும்பு செயின்’ என்றும் கிலோ எடையும் மட்டுமே இருந்தன. நாங்கள் அறுந்த சங்கிலியோடு திரும்பிப் போனபோது, “நாங்க கிரேடுன்னு எங்க எழுதிக் கொடுத்தோம்?” என்று அதே மனிதர் கேட்டார். மாதிரித் துண்டைக் காட்டியதையே அவர் மறுத்துவிட்டார். ஓர் உயிர் தப்பிய செய்தியைக் கேட்ட பிறகும் ஒருவரால் இப்படிப் பேச முடிகிறது என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சங்கிலியோடு வரும் மற்ற பொருள்களிலும் இதே ஏமாற்று நடக்கிறது. கொக்கியும், சங்கிலியை மாட்டும் ‘U’ வடிவ இணைப்பு வளையமான ஷேக்கிளும் சங்கிலியின் சுமைக்குக் குறையாதவையாக இருக்க வேண்டும். நல்ல ஷேக்கிளின் உடலிலேயே அதன் பாதுகாப்பான சுமை பொறிக்கப்பட்டிருக்கும், 3.15 டன் சங்கிலிக்கு 3.25 டன் என்று பொறித்த 16 மி.மீ. ஷேக்கிள் சரியாக இருக்கும். ஷேக்கிளின் குறுக்கு ஆணி தொலைந்துவிட்டால் சாதாரண போல்ட்டைச் செருகித் தருகிறார்கள், அதை வாங்காதீர்கள். அறுந்த கிரேடு 80 சங்கிலியை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களிடமும் போகாதீர்கள், ஏனென்றால் அந்தச் சூட்டில் அதன் பதம் போய்விடும். உப்புக் காற்றுக்குத் தாங்கட்டும் என்று சொல்லி ஆசிட்டில் கழுவி நாக (ஜிங்க்) முலாம் பூசித் தருவதும் இந்த வகைச் சங்கிலிக்குக் கேடு. உயர்வலிமை எஃகை அது உள்ளூர நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடலாம். எங்கள் கடற்கரைக்கு நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவி வைப்பதே போதும். தேய்மானத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, கண்ணியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்தச் சங்கிலியை இழுவை வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

நல்ல சங்கிலியும்கூட வெடுக்கென்று இழுத்தால் அறும். டிராக்டர் நிதானமாக இழுக்கும்போது டயரின் பிடிமானம் வரைக்கும்தான் விசை ஏறும். தொய்வாக விட்டுவிட்டுத் திடீரென்று பாய்ந்தால், அதே டிராக்டர் சங்கிலியின் மேல் பல மடங்கு விசையை ஏற்றிவிடும். டிராக்டரின் பின்பக்கம் மேலே கருவிகளை மாட்டும் டாப் லிங்க் போன்ற உயரமான இடத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் கிளட்சை மிதிப்பதற்குள் டிராக்டரே பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அறுந்தால் துள்ளிப் பாயும் வேகம் குறையும்படி சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கு போட்டு, சங்கிலியின் நீளத்தைவிட அதிக தூரத்தில் ஆட்களை நிறுத்துங்கள். எங்கள் படகருகே பிள்ளைகள் நிற்காமல் விரட்டிவிட்ட அந்தக் குப்பத்துப் பெரியவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக உள்ளேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் வழக்கு நிற்காது என்று சிலர் சொல்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. எனவே இதே சிவப்புச் சங்கிலி உங்களிடம் இருந்தால், அடுத்த வேலைக்கு எடுப்பதற்கு முன் பெயின்டைத் துடைத்துப் பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915க்கு அழையுங்கள்.