விழித்திரை வீக்கத்துக்கு எந்த ஊசி? அவாஸ்டின் முதல் ஃபாரிசிமாப் வரை ஓர் அலசல்

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொண்டது என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த ஊசி போடலாம்?" என்பதுதான். ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் நான்கு மருந்துகள் இருக்கின்றன. மலிவானதற்கும் விலை உயர்ந்ததற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். விலை ஏற ஏறப் பார்வையும் ஏறுமா என்றால், பெரும்பாலான கண்களில் ஏறாது என்பதே சோதனை முடிவுகளைப் படித்த பிறகு என் கருத்து. தொடக்கத்திலேயே பார்வை மிகவும் குறைந்துவிட்ட கண்களின் கதை சற்று வேறு. புதிய மருந்துகள் தருவது கூடுதல் பார்வையை அல்ல. ஊசிக்கும் ஊசிக்கும் இடையே கூடுதல் வாரங்களை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் பணம் கரைகிறது.

நான்கு மருந்துகளுக்கும் பொது எதிரி ஒன்று. விழித்திரைக்குப் பிராணவாயு போதாமல் போகும்போது அதிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து புதிய ரத்தக்குழாய்களை வளரச் செய்கிறது என்று 1948இல் கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். அந்தப் பொருள் என்னவென்று தெரிய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1989இல் அமெரிக்க மருந்து நிறுவனமான ஜெனென்டெக்கில் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்த விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி) என்ற புரதம்தான் அது. முற்றிய நீரிழிவு விழித்திரை நோய் உள்ளவர்களின் கண் திரவத்தில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதை 1994இல் அளந்தே காட்டினார்கள். இது ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது, நீர் கசிகிறது, நடுப்பார்வை மங்குகிறது. இதைப் பிடித்து முடக்கினால் வீக்கம் வடியும்.

முதல் ஜோடி அவாஸ்டினும் லூசென்டிஸும். இரண்டும் அதே ஜெனென்டெக்கின் பிள்ளைகள். அவாஸ்டின், அதாவது பெவாசிஜுமாப், 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற முழு ஆன்டிபாடி, அதாவது இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதம். எடை ஏறத்தாழ 149 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). இவ்வளவு பெரிய மூலக்கூறு விழித்திரைக்குள் புகாது என்று கருதி, கண்ணுக்கென்றே ஆன்டிபாடியின் ஒரு துண்டை மட்டும் கூர்தீட்டி 48 கிலோடால்டனில் ரானிபிஜுமாப் என்ற லூசென்டிஸை உருவாக்கினார்கள். அதற்கு அனுமதி கிடைப்பதற்கு முன்பே, 2005இல், மயாமியில் கண் மருத்துவர் பிலிப் ரோசன்ஃபெல்ட் அவாஸ்டினையே கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. பெரிய மூலக்கூறு உள்ளே போகாது என்ற அச்சம் பொய்த்தது. உலகெங்கும் கண் மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கண் ஊசிக்கான முறையான அனுமதி இல்லாமலேயே அது பரவியது. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கண் மருந்தாக இடம்பிடித்தது.

மலிவுக்குக் காரணம் எளிய கணக்கு. புற்றுநோயாளிக்கான 100 மில்லிகிராம் குப்பியில் 4 மில்லிலிட்டர் மருந்து இருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிலிட்டர். ஒரு குப்பியைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். உற்பத்தியாளருக்கு இது பிடிக்காததில் வியப்பில்லை. அவாஸ்டின் கண்ணுக்கு ஆபத்தானது என்ற எண்ணத்தைப் பரப்பி, விலை உயர்ந்த லூசென்டிஸ் பக்கம் தள்ள ஜெனென்டெக்கின் உரிமையாளரான ரோஷும், அமெரிக்காவுக்கு வெளியே லூசென்டிஸை விற்ற நோவார்ட்டிஸும் கூடிச் செயல்பட்டதாக இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2014இல் தீர்மானித்து, இரண்டுக்கும் சேர்த்து 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

ஆனால் அவாஸ்டினில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆபத்து மூலக்கூறில் இல்லை, பிரிக்கும் மேசையில் இருக்கிறது. குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கண் அழற்சி ஏற்பட்டதால் 2016 ஜனவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவாஸ்டினைக் கண்ணில் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. கண் மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றது. 2023இல் பாகிஸ்தானின் பஞ்சாபில், முறையின்றிப் பிரித்து விற்கப்பட்ட மருந்தால் பலர் பார்வை இழந்தார்கள். ஆகவே அவாஸ்டின் போடச் சொன்னால், "சரிங்க டாக்டர், மருந்தை எங்கே பிரிக்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவமனை அந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

மூன்றாவது ஆள் ஐலியா என்னும் அஃப்ளிபெர்செப்ட். இது ஆன்டிபாடியே அல்ல. விஇஜிஎஃப் போய் ஒட்டும் இரண்டு ஏற்பிகளின் பகுதிகளை வெட்டி ஒட்டிச் செய்த பொறி. விஇஜிஎஃப்பின் முதன்மை வடிவமான விஇஜிஎஃப்-ஏ-யோடு, அதன் உறவினர்களான விஇஜிஎஃப்-பி-யையும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிடியும் மற்ற இரண்டைவிட இறுக்கம்.

மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனையின் பெயர் புரோட்டோகால் டி. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்து 2015இல் வெளியானது. 660 பேர் பங்கேற்றார்கள். முடிவுகளைப் படிக்குமுன் அலகைத் தெரிந்துகொள்வது நல்லது. சோதனைகளில் பயன்படும் பார்வை அட்டையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்துகள். ஓராண்டு முடிவில் ஐலியா சராசரியாக 13.3 எழுத்துகளும், லூசென்டிஸ் 11.2 எழுத்துகளும், அவாஸ்டின் 9.7 எழுத்துகளும் கூட்டின. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே ஒரு வரிகூட இல்லை. அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்ததுதான் முக்கியம். தொடக்கப் பார்வை 6/12 (இயல்பான பார்வை 6/6) அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களில் ஐலியா 8.0, அவாஸ்டின் 7.5, லூசென்டிஸ் 8.3: வேறுபாடே இல்லை. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்தவர்களில் ஐலியா 18.9, லூசென்டிஸ் 14.2, அவாஸ்டின் 11.8. இங்கே மட்டும் ஒரு வரிக்கு மேல் வித்தியாசம். இரண்டாம் ஆண்டு முடிவில் இந்த இடைவெளியும் சுருங்கியது. அப்போது அமெரிக்காவில் ஐலியா ஊசி ஒன்று ஏறத்தாழ 1,950 டாலர், அவாஸ்டின் ஐம்பது டாலர்.

மூலக்கூறின் வடிவத்தை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்களுக்கு இதே சோதனை ஒரு குட்டு வைத்தது. முழு ஆன்டிபாடியான அவாஸ்டின் ரத்தத்தில் கலந்து நெடுநாள் சுற்றும், துண்டான லூசென்டிஸ் விரைவில் வெளியேறிவிடும், எனவே மாரடைப்பு, பக்கவாத அபாயம் உள்ளவர்களுக்கு லூசென்டிஸ்தான் பத்திரம் என்பது ஏட்டுக் கணக்கு. இரண்டாண்டு முடிவில் இத்தகைய நிகழ்வுகள் ஐலியாவில் 5 சதவீதம், அவாஸ்டினில் 8, லூசென்டிஸில் 12! மற்ற சோதனைகளில் இப்படி வரவில்லை என்பதால் ஆய்வாளர்கள் இதை எச்சரிக்கையோடுதான் பார்த்தார்கள். லூசென்டிஸ் கெட்டது என்று நானும் சொல்லவில்லை. ஏட்டுக் கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

பார்வை மோசமாக உள்ளவர்களும் அவாஸ்டினில் தொடங்கி, பலன் போதாவிட்டால் ஐலியாவுக்கு மாறலாமா? 2022இல் வெளியான புரோட்டோகால் ஏசி இதைத்தான் சோதித்தது. அவாஸ்டினில் தொடங்கிய கண்களில் 70 சதவீதம் இரண்டாண்டுக்குள் மாற வேண்டி வந்தது. இருந்தும், அந்த இரண்டாண்டுகளின் சராசரி முன்னேற்றம் ஐலியா மட்டும் போட்டவர்களுக்கு 15 எழுத்துகள், மாறியவர்களையும் சேர்த்த மற்ற குழுவுக்கு 14. கையில் அளவான பணம் உள்ளவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை. ஒரே நிபந்தனை, மாற வேண்டிய நேரத்தைத் தவறவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது.

அந்த நிபந்தனைதான் நடைமுறையில் உதைக்கிறது. புரோட்டோகால் டி-யில் முதல் ஆண்டில் மட்டும் ஒருவருக்கு ஒன்பது அல்லது பத்து ஊசிகள். ஒவ்வொரு முறையும் மரத்துப்போகும் சொட்டு மருந்து, இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பி, பழுப்பு நிற அயோடின் கரைசல். கருவிழி விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் தலைமுடி போன்ற ஊசி. குத்தியது தெரியாது. மாலைவரை அயோடின் உறுத்துவதுதான் தெரியும். விருதுநகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவருக்கும் போகும். நான்காவது ஊசியோடு நின்றுவிடுகிறவருக்கு ஐலியாவும் உதவாது, அவாஸ்டினும் உதவாது.

2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், வணிகப் பெயர் வபிஸ்மோ, உரிமை கோருவது இங்கேதான். ஒரே ஆன்டிபாடியின் ஒரு கை விஇஜிஎஃப்-ஏ-யைப் பிடிக்கிறது, மறு கை ஆஞ்சியோபொய்டின்-2ஐப் பிடிக்கிறது. நலமான ரத்தக்குழாயைச் சுற்றிப் பெரிசைட் செல்கள் அணைத்துக்கொண்டிருக்கும். டை-2 என்ற ஏற்பி இயங்கும்வரை அந்த அணைப்பு உறுதியாக இருக்கும். சர்க்கரை கூடும்போது பெருகும் ஆஞ்சியோபொய்டின்-2 அந்த ஏற்பியை முடக்கிக் குழாயைத் தளர்த்துகிறது. இரண்டையும் தடுத்தால் பார்வை இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆகவில்லை. யோசெமிட்டி, ரைன் என்ற இரு சோதனைகளில் 1,891 பேரிடம் கிடைத்த முன்னேற்றம் எல்லாக் குழுக்களிலும் 10 முதல் 12 எழுத்துகளுக்குள்தான். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஐலியா போட்டவர்களும் அதற்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் இடைவெளியை நோயாளிக்கேற்ப நீட்டிய குழுவில், ஓராண்டு முடிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதினாறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற நிலையில் இருந்தார்கள். சாதனை என்றால் அதுதான்.

போட்டி உடனே வந்துவிட்டது. மூலக்கூறை மாற்றாமல் அளவை மட்டும் 2 மில்லிகிராமிலிருந்து 8 மில்லிகிராமாக உயர்த்திய ஐலியா 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. அதிலும் பன்னிரண்டு, பதினாறு வார இடைவெளி பெரும்பாலோருக்குப் பிடித்து நின்றது. அப்படியானால் ஆஞ்சியோபொய்டின் தடுப்பால் கிடைப்பது எவ்வளவு, வெறும் அளவு கூடுவதால் கிடைப்பது எவ்வளவு? இரண்டையும் நேராக மோதவிட்டால்தான் தெரியும். அதுவரை ஃபாரிசிமாப்பின் இரண்டாவது கைக்காக மட்டும் கூடுதல் பணம் கட்டச் சொன்னால் நான் யோசிப்பேன்.

இந்த நான்குக்கு வெளியேயும் தேர்வுகள் உண்டு. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் இன்னோர் ஊசியான, 26 கிலோடால்டன் எடையில் மிகச் சிறிதான புரோலுசிஜுமாப், அனுமதி பெற்ற சில மாதங்களில் விழித்திரைக் குழாய் அழற்சிப் புகார்களில் சிக்கியது. கண்ணுக்குள் வைக்கும் ஸ்டீராய்டு துணுக்கான டெக்சாமெத்தசோன் மாதக்கணக்கில் வேலை செய்யும். கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கூட்டிவரும். புரை அறுவை முடிந்த கண்ணில் அது நல்ல தேர்வு.

ஊசிக்கே போகாத போட்டியாளர் ஒன்று உண்டு: கொழுப்புக்காக மருந்துக் கடைகளில் விற்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை. வீக்கத்தை வடிக்க அல்ல, நோய் முற்றாமல் தடுக்க. ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்து 2024இல் வெளியான லென்ஸ் என்ற பெயருள்ள சோதனையில், நோய் முற்றி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்தது. ஆஸ்திரேலியா 2013இலேயே நீரிழிவு விழித்திரை நோய்க்கு இதை அனுமதித்துவிட்டது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவை இது உயர்த்தும் என்பதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.