அமாலியாவா, கரகூனாவா?

மார்ச் 25, கிரேக்க சுதந்திர தின அணிவகுப்பு. பாரம்பரிய உடை தேடும் பெண்கள் பலர் அமாலியா, கரகூனா என்ற இந்த இரண்டு உடைகளுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள்.

பிறப்பு
அமாலியா: கிரேக்க அரசர் ஒத்தோவின் மனைவி, ஜெர்மானியரான அமாலியா 19ஆம் நூற்றாண்டில் அரசவைக்காக உருவாக்கியது. உள்ளூர் உடையோடு ஐரோப்பிய பாணி கலந்தது. நாட்டுப்புற உடை என்கிறார்கள். உண்மையில் அரண்மனைச் சரக்கு!
கரகூனா: நடு கிரேக்கத்திலுள்ள தெசலி சமவெளியின் விவசாயப் பெண்களுடையது.

உடுத்துவது
அமாலியா: நீளப் பாவாடை, பொன்சரிகை போட்ட குட்டை வெல்வெட் சட்டை, குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பி. சட்டென்று முடிந்துவிடும்.
கரகூனா: விளிம்பில் கறுப்புக் குஞ்சம் வைத்த உள்சட்டை, அதன்மேல் கையில்லா மேலங்கி, தையல்வேலை நிறைந்த ஏப்ரன், தலைத்துணி, அப்புறம் நெஞ்சை மூடும் நாணயச் சங்கிலிகள். துணைக்கு ஆள் வேண்டும். எடையும் அதிகம்.

செலவு
கைத்தையலும் நாணயங்களும் சேர்ந்தால் கரகூனாதான் பர்ஸைக் காலி செய்யும்.

பள்ளி அணிவகுப்பு, மேடை வரவேற்பு என்றால் அமாலியா போதும். எந்த ஊர்க்காரரும் அணியலாம். தெசலி நடனம் ஆடப் போகிறீர்களா? அங்கே கரகூனா என்ற பெயரிலேயே ஒரு நடனம் இருக்கிறது. அதற்கு அமாலியா பொருந்தாது, செலவைப் பார்க்காதீர்கள். கிரீட், கோர்ஃபு வம்சாவளி என்றால் இரண்டையும் விட்டுவிட்டு உங்கள் தீவு உடையையே தேடுங்கள்.